செத்தவன் அழக் கூடாது

பிணமாகப் படுப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும். அது என்னிடம் இல்லை. காமயகவுண்டன்பட்டியில் ஒரு மத்தியானம், மூக்கில் பஞ்சு வைத்த பிறகுதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

எத்தனை சுலபமான வேலை பாருங்கள். வசனம் கிடையாது. நடக்க வேண்டாம், திரும்ப வேண்டாம், முகத்தில் எதையும் காட்ட வேண்டாம். பிறந்தவர்கள் எல்லாரும் ஒருநாள் ஒத்திகையே பார்க்காமல் கச்சிதமாகச் செய்துவிட்டுப் போகிற காரியம். அதைக் கெடுத்த ஆள் நான். சினிமாவில் நடிக்கத் தெரியாமல் சொதப்பியவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். செத்துக் கிடப்பதில் சொதப்பியவன் என்று தேடினால் எனக்குப் போட்டிக்கு ஆள் வராது.

மர பெஞ்சில் என்னைக் கிடத்தியிருந்தார்கள். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியாயிற்று. நெற்றி நிறைய விபூதி, அதன் நடுவே ஒரு ரூபாய்க் காசு. தாடையைச் சுற்றித் துணி கொண்டுபோய் உச்சந்தலையில் முடிச்சு. கழுத்தில் சாமந்தி மாலை. மாலைக்குள் குடியிருந்த எறும்பு ஒன்று வீட்டைக் காலி செய்துகொண்டு, என் காது வழியாக வேறு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஜெனரேட்டரை நிறுத்து" என்று ஒரு குரல். அதுவரை உறுமிக்கொண்டிருந்தது ஓய்ந்ததும், பின்னால் திராட்சைப் பந்தலுக்குள் குருவிகள் கத்துவது கேட்டது. தென்னை மட்டைகள் உரசுவது கேட்டது. என் வயிறு இரைவதும் கேட்டது. அது எனக்கு மட்டும் கேட்டிருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன்.

என் தலைமாட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். வெற்றிலை வாசம், வளையல் சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அந்தச் செருமலை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, நான் எப்படிச் செத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த மூலையானாலும் சரி

சென்னையில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கச் சேர்ந்ததைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். எங்கள் மார்க்கையன்கோட்டையில் "அது என்னடா படிப்பு?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கதை சொல்றதப் படிக்கிறேன்" என்று சொல்லிவைத்திருந்தேன்.

"அதப் படிக்க வேற செய்யணுமாக்கும் நீ? பொறந்ததுல இருந்து அதத்தான செய்ற" என்பார் அய்யா. எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம். அவருக்கு நான் வாத்தியார் ஆக வேண்டும். என் பக்கம் நின்றது அம்மா ஒருத்திதான். "எம்மகன் பெரிய எடத்துக்குப் போவான். அன்னைக்குப் பேசுங்க எல்லாரும்" என்று அய்யாவையும் தெருவையும் ஒரே மூச்சில் வாயடைத்துத்தான் என்னைப் பஸ் ஏற்றினாள்.

மூன்றாம் வருடம் ஒரு செமஸ்டர் முழுக்க வெளியே போய்விட வேண்டும். சினிமாவோ, டிவியோ, விளம்பரமோ, கதை சொல்லிப் பிழைக்கிற யாரோடாவது நாலு மாதம் இருந்து, அவர்கள் தொழிலைப் பார்த்து, அறிக்கை எழுதி, அவர்கள் கையெழுத்தை வாங்கி வர வேண்டும். அதற்கான படிவத்தில் 'விரும்பும் இடம்' என்று ஒரு கட்டம். மற்றவர்கள் சென்னை, ஹைதராபாத், மும்பை என்று ஒழுங்காக எழுதினார்கள். எனக்குள் ஒரு பெரிய மனுசன் உட்கார்ந்திருந்தானே, அவன் சும்மா இருப்பானா? 'உலகின் எந்த மூலையானாலும் சரி' என்று எழுதி, கீழே கோடு வேறு போட்டேன்.

எழுதிய கையோடு டெலிபோன் பூத்துக்கு ஓடி, பக்கத்து வீட்டு போனில் அம்மாவைக் கூப்பிட்டு, மும்பைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். உலகின் மூலை என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஒரு வாரம் கழித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். என் பெயருக்கு நேரே: 'திரைப்படக் குழு. படப்பிடிப்பு நடக்கும் இடம்: கம்பம்.'

துறைத்தலைவரிடம் ஓடினேன்.

"சார், கம்பம் எங்க ஊர்ப்பக்கம் சார்."

"ரொம்ப நல்லதாப் போச்சு. இந்த மூலைக்கு யாருமே போகமாட்டேன்னுட்டாங்க. நீ மட்டும்தான் பரந்த மனசோட எழுதியிருந்த" என்றார்.

மும்பையில் மழை

அன்றைக்கே அம்மாவிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போன் பண்ணினேன். எடுத்தது பக்கத்து வீட்டு மதினி.

"ஏலே, பம்பாய்க்குப் போறியாம்ல? உங்கம்மா நடவு வயல்ல ஒரு வரப்பு விடாம சொல்லிக்கிட்டுத் திரியிறாக. நேத்து உங்கய்யாவே டீக்கடையில பெருமையாச் சொன்னாகளாம்."

அய்யாவே சொன்னார் என்றதும், "ஆமா மதினி" என்று போனை வைத்துவிட்டேன். இனிமேல் நான் கம்பத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தால், அம்மா வாயடைத்து வைத்த அத்தனை வாயும் ஒரே நாளில் திறந்துகொள்ளும். ஆகவே, அம்மாவின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அவளிடமே பொய் சொல்வது என்று முடிவு செய்தேன். எப்படிப்பட்ட தியாகம் பாருங்கள். உண்மையில் என் மானத்தைத்தான் காப்பாற்றினேன் என்பது புரிய எனக்கு மூன்று வாரமும் ஒரு சாவும் தேவைப்பட்டன.

கம்பத்தில் ஒரு லாட்ஜில் எங்களுக்கு அறை. அங்கிருந்து சின்னமனூருக்கு ஒரு பஸ், சின்னமனூரிலிருந்து எங்கள் ஊருக்கு ஒரு டவுன் பஸ். ரெண்டு பஸ் தூரத்தில் இருந்தது என் மும்பை. யூனிட்டில் எல்லாரிடமும் மதுரைக்காரன் என்று சொல்லிக்கொண்டேன். கண் வரைக்கும் தொப்பி, மூக்கு வரைக்கும் கைக்குட்டை. கேட்டவர்களுக்குத் தூசி அலர்ஜி. பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் முகம் ஒன்றைப் பார்த்துவிட்டால் சர்பத் கடைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மாவுக்கு போன். பூத் இருந்தது பஸ் ஸ்டாண்டை ஒட்டி. அந்தப் பக்கம் அம்மா வந்து போனை வாங்கும் நேரம் பார்த்துத்தான் ஒரு கண்டக்டர் தொண்டையைத் திறப்பார்.

"அங்கன என்னடா சத்தம்? சின்னமனூரு, தேனின்னு கேக்குது?"

"தமிழ்ப் படம் ஒண்ணு டப்பிங் ஓடுதும்மா."

"பம்பாய்லயா?"

"எல்லாம் இங்கனதாம்மா பண்ணுவாங்க."

அம்மா போனை மறு காதுக்கு மாற்றும் சத்தம் கேட்டது. பிறகு, "மழையா அங்கன?" என்றாள்.

கம்பத்தில் அப்போது சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. என் சட்டைத் தோள் நனைந்திருந்தது. "ஆமாம்மா, சரியான மழை" என்றேன். மூன்று வாரத்தில் நான் சொன்ன ஒரே உண்மை அது. அதையும் மும்பைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

"இங்கனயும் மழதான். நனையாம இருடா" என்று வைத்துவிட்டாள்.

வாய் பிளந்த காலம்

பயிற்சி மாணவன் என்பவனுக்கு யூனிட்டில் இரண்டு வேலை. டைரக்டருக்குக் குடை பிடிப்பது, பிளாஸ்க்கில் டீ தீர்ந்தால் நிரப்பி வருவது. கிளாப் பலகையை ஒருமுறை கையில் கொடுத்தார்கள். என் விரலையே நசுக்கிக்கொண்டேன். அதற்கப்புறம் கொடுக்கவில்லை.

ஆனால் அந்த மூன்று வாரமும் நான் வாயை மூடவே இல்லை. பேசியதைச் சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துப் பிளந்த வாய்.

கம்பத்துக்குப் பக்கத்தில் காமயகவுண்டன்பட்டியில், ஒரு திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வெற்றிடத்தில், கலை வேலைக்காரர்கள் நாலே நாளில் ஒரு வீட்டை நிறுத்தினார்கள். பலகை, சாக்கு, பூச்சு. அவ்வளவுதான் சரக்கு. பிறகு டீத்தூளைக் கொதிக்கவைத்த தண்ணீரைச் சுவரில் தெளித்து, கரி பூசி, துடைத்து, மறுபடி தெளித்தார்கள். ஒருத்தர் எண்ணெய் தொட்ட உள்ளங்கையை நிலைப்படிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே பண்றீங்க?" என்று கேட்டேன். "உள்ள போறப்ப எல்லாரும் கை வைக்கிற எடம் தம்பி. முப்பது வருசம் கை வச்சிருக்காங்க, நான் இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வச்சாகணும்" என்றார்.

மறுநாள் தண்ணீருக்கு வந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி குடத்தோடு நின்று அந்த வீட்டையே பார்த்துவிட்டு, "இத்தன நாளா இங்கனயா இருந்துச்சு இந்த வீடு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குச் சிலிர்த்தது. அவள் தினமும் நடக்கிற பாதை அது.

கேமராமேன் ஒருநாள் மேகத்துக்காக நின்றார். நாற்பது பேர் மூச்சுவிடாமல் வானத்தைப் பார்க்கிறோம். அவர் கறுப்புக் கண்ணாடித் துண்டை ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்து, "டீ குடிக்கிறவங்க குடிச்சிடுங்க, கடைசி வாய் குடிக்கிறப்ப விலகும்" என்றார். நான் டம்ளரைக் கவிழ்க்கும்போது வெயில் வந்தது. சூரியனே சம்பளத்துக்கு வேலை செய்கிறதோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

கல்லூரியில் ஒரு வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாடம் ஒன்று உண்டு. நல்ல காட்சியில் வெளியே ஒன்று பேசப்படும், உள்ளே வேறொன்று ஓடும். உள்ளே ஓடுவதுதான் கதை. அதை நான் மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன். புரிந்ததா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அழ வந்தவர்

எங்கள் டைரக்டருக்கு அது முதல் படம். ஒல்லியான மனிதர். அவருக்குத் தூக்கம் எல்லாம் குடை நிழலில்தான். கதை இதுதான்: வடக்கே லாரி ஓட்டப் போகிறேன் என்று தாயிடம் சொல்லிவிட்டுப் போகிற மகன், வடக்கே போகாமல் பக்கத்திலேயே எங்கோ இருக்கிறான், கடைசியில் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், மலைப்பாதை வளைவில் லாரி கவிழ்ந்து செத்துப்போகிறான். அந்தச் சாவு வீட்டுக் காட்சியைப் பற்றி முதல்நாளிலிருந்தே அவர் ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது நின்னாத்தான் என் படம் நிக்கும்."

மற்ற காட்சிகளுக்கெல்லாம் குரலைப் பிறகு சென்னையில் பேசிச் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஒப்பாரி மட்டும் இங்கேயே, அப்போதே பதிவாக வேண்டும் என்று பிடிவாதமாக ஒலிப்பதிவுக்காரரை வரவழைத்திருந்தார்.

கோ-டைரக்டர் சுருளிப்பட்டியிலிருந்து ராசாத்தி என்ற பெண்ணைக் கூட்டி வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். நைலக்ஸ் சேலை, கையில் டிபன் பாக்ஸ். சில நாள் திராட்சை வெட்டப் போவாராம், சில நாள் நடவுக்கு. சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டில் துக்கம் என்றாலும் அவரை அழக் கூப்பிடுவார்களாம். முதல்நாள் வந்து இடத்தைப் பார்த்துவிட்டு, போலி வீட்டின் சுவரை விரலால் தட்டி, "நல்லாருக்கு" என்றார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்.

"ஒரு தடவதான் அழுவேன் சார். ஒத்திகை, கித்திகைன்னு கூப்புடக் கூடாது."

"எங்களுக்கும் ஒரு தடவைதான் வேணும்க்கா" என்றார் டைரக்டர். பத்து நிமிடம் ஓடுகிற பிலிம் சுருள் ஒன்றைத் தனியாக அதற்கென்றே வைத்திருந்தார்.

பிணமாகப் படுக்கச் சென்னையிலிருந்து ஒரு துணை நடிகர் வந்திருந்தார். மூக்குப் பஞ்சையும் நெற்றிக் காசையும் பார்த்ததும் வீட்டுக்கு போன் செய்தார். வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் போய் வேனுக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கோ-டைரக்டர் சுற்றிப் பார்த்தார். எல்லாருக்கும் அவசரமாக ஏதோ வேலை வந்துவிட்டது. நான் கையைத் தூக்கினேன். மூன்று வாரம் குடை பிடித்தவனுக்கு, தன் முகமும் ஒருநாள் திரையில் வரும் என்ற நினைப்பே மேலே தூக்கியது. திரையில் வந்தால் அம்மாவும் பார்ப்பாளே என்ற யோசனை அந்தத் தொப்பிக்குள் எட்டவே இல்லை. தொப்பியையும் கைக்குட்டையையும் கழற்றி வைத்துவிட்டு வந்து நின்றேன்.

டைரக்டர் ராசாத்தி அக்காவுக்குக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வடக்க போறேன்னு பெத்தவகிட்ட சொல்லிட்டுப் போனவன்க்கா. ஆனா போகல. பக்கத்துலயே இருந்திருக்கான்."

ராசாத்தி அக்கா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார்.

"பக்கத்துலயேவா சார் இருந்தான்?"

"ஆமாக்கா."

"வீட்டுக்கு ஒரு எட்டு போகல?"

"போகல."

"சரி. போதும் சார்" என்றார். "அந்த வாய நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லுங்க."

வாய் கட்டிய பத்து நிமிடம்

இனி அந்தச் செருமலுக்கு வருகிறேன்.

முதலில் பாட்டே இல்லை. ஒரு மூச்சு. நெஞ்சுக்குள்ளிருந்து வந்து என் நெற்றிக் காசின் மேல் பட்டது. பிறகு, "ஐயா..." என்று ஒரு இழுப்பு. சுற்றி உட்கார்ந்திருந்த முப்பது பெண்களும் அதற்காகவே காத்திருந்ததுபோல் ஒருசேரக் குலுங்கினார்கள். காலையில் டிபன் பொட்டலத்துக்கு வரிசையில் சண்டை போட்டவர்கள்தான் அவர்கள். பெஞ்சு அதிர்ந்தது. நான் செத்துவிட்டேன் என்று அந்த நொடியில் நானே நம்பினேன்.

அவர் மகனைப் பெற்ற கதையைச் சொன்னார். பெயர் வைத்ததைச் சொன்னார். சுவர் ஓரமாகப் பிடித்துப் பிடித்து அவன் நடை பழகியதைச் சொன்னார். டைரக்டர் சொன்ன கதையில் இதெல்லாம் கிடையாது. இல்லாத ஒரு மகன், இல்லாத ஒரு வீட்டில், என் தலைமாட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். கலை வேலைக்காரர் கை வைத்துக் கை வைத்து முப்பது வருடத்தைக் கொண்டுவந்த மாதிரி, இவர் குரலை வைத்து வைத்து இருபது வருடத்தைக் கொண்டுவந்தார். அதுவும் ரெண்டு நிமிடத்தில்.

பிறகு குரல் கொஞ்சம் கீழே இறங்கியது.

'சீமைக்குப் போறேன்னு
சிரிச்சுப் போன ஐயா, நீ
சின்னமனூர் தாண்டலையே...'

மூடிய கண்ணுக்குள் என் விழி உருண்டது. படத்தில் வருகிற ஊருக்கு வேறு பெயர் வைத்திருந்தோம். சின்னமனூர் எங்கிருந்து வந்தது? யாரோ பக்கத்தில் மெதுவாக, "லோக்கல் டச் குடுக்கறாங்க, அருமை" என்று கிசுகிசுத்தார். கோ-டைரக்டர்தான்.

'ரெண்டு பஸ்ஸு மாறியிருந்தா
எட்டியிருக்கும் நம்ம வாச, ஒன்
பேச்ச நெசமாக்கப் பெத்தவ
ஊரோட மல்லுக்கு நின்னாளே...'

எனக்கு வேர்க்கத் தொடங்கியது. செத்தவனுக்கு வேர்க்கக் கூடாது. இந்த அம்மாளுக்கு என்னைத் தெரியும். எங்கள் ஊர்ப் பக்கம் நடவுக்கு வந்திருக்கிறார். அம்மாவின் வரப்பில் அம்மாவுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறார். அக்கா, போதும், நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது. தாடை கட்டியிருந்தது. பிறந்ததிலிருந்து யாருக்கும் பதில் பேசாமல் விட்டவனில்லை நான். அந்தப் பத்து நிமிடம் மட்டும் என்னைத் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

திட்டு என்றா சொன்னேன்? அதில் ஒரு சுடுசொல் கிடையாது. என் நெஞ்சின் மேல் அவர் கை இருந்தது. அந்தக் கை மட்டும் ஒவ்வொரு வரிக்கும் லேசாகத் தட்டிக்கொண்டிருந்தது.

'போனுல நீ சொன்ன மழ
பொய்யான மழயில்ல, நீ
நனஞ்ச மழயிலதான்
பெத்தவளும் நனஞ்சாளே...'

அவ்வளவுதான். வாத்தியார் கரும்பலகையில் எழுதிப்போட்டது அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது. கேமராவுக்கு முன்னால் டைரக்டரின் கதை ஒரு நூல்கூடப் பிசகாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதே வார்த்தைகளுக்கு அடியில் என் கதை ஓடிக்கொண்டிருந்தது. முப்பது பெண்களும் நாற்பது யூனிட் ஆட்களும் ஒன்றைக் கேட்டார்கள். நான் மற்றதைக் கேட்டேன். இரண்டுமே முழுசாக இருந்தன. எந்தக் காகிதமும் இல்லாமல், ஒத்திகை இல்லாமல், திராட்சை வெட்டுகிற ஒரு பெண் என் நெஞ்சில் தட்டிக்கொண்டே இதைச் செய்துகொண்டிருந்தார். நான் அதுவரை பார்த்த சினிமா வித்தைகள் எல்லாம் எழுந்து நின்று வழிவிட்டன.

சாரலில் நனைந்தபடி பக்கத்து வீட்டுக்கு ஓடி வந்து, போனைப் பிடித்துக்கொண்டு, மழையா அங்கன என்று கேட்ட அம்மாவின் முகம் வந்தது. வலது கண் ஓரத்தில் ஏதோ சூடாக நகர்ந்தது. எறும்பு திரும்பி வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒரு ஆளுக்கு ஒரு தடவை

கட் சொன்ன பிறகும் யாரும் நகரவில்லை. லைட் தூக்குகிறவர்கள் துண்டில் முகம் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டைரக்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேமராமேன் மட்டும் மெதுவாக வந்து, கெட்ட செய்தி சொல்லும் டாக்டர் மாதிரி அவர் காதருகே குனிந்தார்.

"சார், பாடி அழுதிருச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோ-டைரக்டர் என் தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டு, "செத்தவன் அழுவானாடா?" என்றார். நான் நெற்றிக் காசை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

டைரக்டர் எழுந்து ராசாத்தி அக்காவிடம் போனார். கும்பிடவே செய்தார்.

"அக்கா, இன்னும் ஒரே ஒரு தடவை."

"ஒரு ஆளுக்கு ஒரு தடவதான் சார். ரெண்டாவது அழுதா அது நடிப்பு" என்றார் ராசாத்தி அக்கா, கொண்டையை முடிந்துகொண்டே. கொஞ்சம் இரக்கப்பட்டவர்போல, "வேணும்னா வேற ஆளப் படுக்கப் போடுங்க. அவனுக்கு அழுகுறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

சுற்றி நின்ற நாற்பது பேரும் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்னால் போனார்கள். அவர் அழுததைக் கேட்ட பிறகு எவனுக்குத் தைரியம் வரும்?

படம் வெளிவந்தபோது அந்தக் காட்சியில் என் முகம் ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. பிறகு கேமரா ராசாத்தி அக்காவின் முகத்துக்குப் போகும், அங்கேயே நிற்கும். மழை என்று வரும்போது ஆள் இல்லாத மலைப்பாதை வளைவைக் காட்டி, குரலை மட்டும் அதன்மேல் ஓட விட்டிருந்தார்கள். எடிட்டர் என்னை அப்படி அடக்கம் செய்தார். படம் நின்றது. ஆனால் இதெல்லாம் பல மாதம் கழித்து. அன்றைக்கு அந்த வெற்றிடத்தில், ஒரு மனிதரின் முதல் படத்தை என் கண்ணீரில் முக்கிவிட்டேன் என்ற நினைப்போடு மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தேன்.

டைரக்டர் என்னிடம் வந்தார். அறைவார் என்று கன்னத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"உன் வீடு எங்கப்பா இருக்கு? நெசமாச் சொல்லு."

"மார்க்கையன்கோட்டை சார். இங்க இருந்து ரெண்டு பஸ்."

அவர் என்னையும் பார்த்தார், டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்த ராசாத்தி அக்காவையும் பார்த்தார். "ஓ" என்றார். "போயிட்டு நாளைக்கு வா."

ரெண்டு பஸ்

கிளம்புவதற்கு முன் ராசாத்தி அக்காவிடம் போய் நின்றேன்.

"என்னைய எப்பக்கா கண்டுபிடிச்சீக?"

"நீ தொப்பியக் கழத்துனப்பதான். அது வரைக்கும் எவனோ நோக்காட்டுக்காரப் பயன்னு நெனச்சேன். அப்படியே உங்கய்யா மூக்கு."

"அம்மாகிட்ட சொல்லிருவீகளா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? உன்கிட்டச் சொல்லியாச்சுல்ல" என்று டிபன் பாக்ஸை மூடினார்.

முகத்து மேக்கப்பைக் கழுவிவிட்டு வருவதற்குள் முதல் பஸ் போய்விட்டது. அழ வந்த பெண்களில் சின்னமனூர்ப் பக்கத்துக்காரர்கள் ஏழெட்டுப் பேர் அதில் போய்விட்டார்கள் என்று பஸ் நிறுத்தத்துக் கடைக்காரர் சொன்னார். அடுத்த பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். தொப்பி போடவில்லை. உத்தமபாளையத்தில் ஏறிய ஒரு அம்மாள் என் நெற்றியையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல், "ஏலே, காமயகவுண்டன்பட்டியில செத்துப்போன பய நீதான?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லாச் செத்தியாம்ல" என்றார். இல்லை, அதுவும் சரியாக வரவில்லை என்று சொல்ல நினைத்து, டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நான் பஸ் ஏறும் முன்பே என் சாவு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

வழி நெடுக என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். மும்பையில் திடீர் விடுமுறை. ரயிலில் ரெண்டு நாள். நேராக உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். சின்னமனூரில் இறங்கி டவுன் பஸ் மாறும்போது அந்த மூன்றையும் தூக்கிப் போட்டேன். எங்கள் ஊரில் இறங்கும்போது கையில் ஒரு வரியும் மிச்சமில்லை. கதை சொல்லப் படித்தவன் கைவீசிக்கொண்டு தெருவுக்குள் நடந்தேன்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் ரெண்டு மூன்று பேர் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். யாரும் மும்பை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். வயலில் இருந்து வந்த சேலை, முழங்கால் வரைக்கும் காய்ந்த சேறு. பக்கத்தில் ஒரு வாளி நிறையத் தண்ணீர், கொடியில் ஒரு துண்டு. என்னை உச்சி முதல் கால் வரை ஒரு தடவை பார்த்தாள். என் நெற்றி ஓரத்தில் கழுவாமல் விட்ட விபூதியில் அவள் கண் நின்றது.

"அம்மா," என்றேன், "நான் பம்பாய்க்கே போகலம்மா."

"எழவு வீட்டுல இருந்து வர்றவன், தலைக்குத் தண்ணி ஊத்திட்டு உள்ள வா."